கடலிலிருந்து எண்ணினால் ஐந்து

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு டோலினா தன் சிவப்புத் தபால் வண்டியை நடுச்சாலையிலேயே நிறுத்தினாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. இறங்கிச் சேற்றில் ஓட ஆரம்பித்தாள்.

எங்கள் தீவுக் கிராமமான போர்ஸ்காரியில் டோலினா ஓடி யாரும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடமாக எங்களுக்குத் தபால் கொண்டுவருகிறாள். புயலடித்தாலும் ஒரே நடை, கல்யாணச் செய்தியானாலும் சாவுச் செய்தியானாலும் ஒரே முகம். அப்படிப்பட்டவள், தொப்பி பறக்க, ஒரு பூட்ஸைச் சேறு பிடுங்கிக்கொள்ள, ஒற்றைக் காலுறையோடு மேட்டை நோக்கி ஓடியதைக் கடை ஜன்னலிலிருந்து நாங்கள் பார்த்தோம். கையில் இருந்த டீ ஆறிப்போனது.

"என்னடி ஆச்சு அவளுக்கு? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் கடைக்காரி மார்சலி.

"செத்திருந்தா நடந்துதான போவா?" என்றேன் நான்.

மேட்டின் மேல் மஞ்சள் நிறத்தில் மண் தோண்டும் இயந்திரம் ஒன்று நின்றது. அதன் நிழலில் உட்கார்ந்து மேஸ்திரி லக்லன் ஓட்ஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். படகுத்துறைக்குப் புதுச்சாலை போட வந்த ஆள். தீவின் தென்கோடிக்காரர்.

"நிறுத்து! இங்க தோண்டக் கூடாது!"

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, தாயே. திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்குத்தான். மொதல்ல போய் பூட்ஸைத் தேடு."

"திங்கக்கிழமையும் கூடாது. அடியில அவ படுத்திருக்கா."

"எவ?"

"அஞ்சாவது சகோதரி!"

லக்லனுக்கு வாயிலிருந்த ரொட்டி புரையேறியது. தென்கோடி வரைக்கும் அந்தக் கதை போயிருந்தது. "ஓ, நீதானா அது? அஞ்சு டோலினா!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை டோலினா இருபத்தெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மேட்டுக்குப் பின்னால் நான்கு நெடுங்கற்கள் நிற்கின்றன. மனித உயரத்துக்கு இரண்டு மடங்கு. யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கேலிக் மொழியில் அவற்றுக்குப் பெயர் 'ஐந்து சகோதரிகள்'. நிற்பது நான்கு, பெயரில் ஐந்து. மேட்டுக்குப் பெயர் 'க்னோக் நா பெஹர்', சகோதரியின் மேடு. சகோதரிகளின் மேடு அல்ல, ஒரே ஒருத்தியின் மேடு. ஆனால் மேட்டில் ஒரு கூழாங்கல்கூட நிற்கவில்லை.

மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. டோலினாவுக்கு அப்படியல்ல. அரசாங்க வரைபடத்தில் போர்ஸ்காரிக்குப் பதினோரு பெயர்கள்தான் உண்டு. டோலினாவின் தலைக்குள் முந்நூற்றுக்கும் மேல். மாடு மூழ்கிய சுனை, பாதிரியார் வழுக்கிய பாறை, இரண்டு பொய்யர்களின் திடல், அழுதவளின் ஓடை. 'மாடு மூழ்கிய சுனைக்கு மேல்வீடு' என்று மட்டும் எழுதிக் கனடாவிலிருந்து வந்த கடிதத்தை அவள் ஒரு நொடி யோசிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தச் சுனையில் ஒருமுறை தூர்வாரியபோது மாட்டின் கொம்பு கிடைத்தது. "பேர் வச்சவன் பொய் சொல்றதில்ல. நமக்குத்தான் தேடத் தெரியல" என்பாள்.

அவளுடைய அப்பா ஃபின்லேயும் அதையேதான் சொன்னார். அதற்காகத்தான் அவமானப்பட்டார்.

1946 கோடையில் பெருநிலத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஊரே கற்களைச் சுற்றி நின்றது. "மொத்தம் எத்தனை?" என்று கேட்டார். "ஐந்து" என்றார் ஃபின்லே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. பேராசிரியர் எண்ணினார். நான்கு. மறுபடி எண்ணினார். நான்கு. "ஐந்தாவது எங்கே?" ஃபின்லே தொப்பியைத் திருகினார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கிளாஸ்கோவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போயிட்டா சார்! லீவுல வருவா!"

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தபடியே குறிப்பேட்டில் 'நான்கு' என்று எழுதினார். அன்றிலிருந்து ஃபின்லே 'ஐந்து ஃபின்லே' ஆனார். பதினைந்து வருடம் கழித்து அவர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். பெயர் மகளுக்கு வந்தது.

அந்தக் கேலியைச் சொன்னது யார் தெரியுமா? ரூரி. அந்த இலையுதிர் காலத்தில் டோலினாவின் கையைப் பிடிக்க இருந்த அதே ரூரி! வாய் தவறி வந்த ஒரு வரி. அன்று மாலையே டோலினா நிச்சயத்துக்கு அவன் கொடுத்த, சட்டையில் குத்தும் வெள்ளி ஊசியை அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவனும் செய்துகொள்ளவில்லை. தபால்காரி ஆன பிறகு, அவனுக்கு வரும் தபாலை அவன் வீட்டுக் கேட்டின் தூண்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போவாள். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் தேடுவதை மட்டும் அவள் விடவில்லை. விடுமுறை நாளெல்லாம் மேட்டில் குழி தோண்டினாள். முப்பத்தேழு குழிகள். ஒன்றிலும் ஒன்றுமில்லை. ஆடு விழுந்து காலொடிந்தால் "டோலினா குழி" என்று சபிப்பார்கள். இப்போது மேட்டையே சரளைக்காக வெட்டி எடுக்கப் போகிறார்கள்.

"ரோடு வேண்டாம்னு நான் சொல்லல" என்று லக்லனிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். "என் வண்டி முதுகு ஒடைஞ்சதே இந்தப் பள்ளத்துலதான். சரளை அந்தப்பக்கத்து மேட்டுலயும் இருக்கு. இங்க மட்டும் வேண்டாம்."

"எனக்குக் காகிதம் வேணும் டோலினா. காகிதம் வந்தா அந்தப்பக்கம் போறேன். எனக்கு ரெண்டும் மண்ணுதான்."

காகிதம் தரக்கூடியவர் ஒருவர் தற்செயலாகத் தீவிலேயே இருந்தார். மிஸ் ஹெப்பர்ன், பழஞ்சின்னங்களைப் பட்டியலிடும் அதிகாரி. டோலினா தபால் நிலையத் தொலைபேசியில் கத்திய கத்தலில், அன்று மதியமே தெற்கிலிருந்து வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். கேலிக் மொழியைக் கல்லூரியில் படித்தவள். அதனால் எங்களோடு பேசும்போதும் புத்தகம் வாசிப்பது போலத்தான் பேசுவாள்.

"அம்மையீர், தாங்கள் எனக்குப் பெயரைத் தருகிறீர்கள். நான் கல்லைக் கேட்கிறேன். கல்லைக் கண்டால் இக்கணமே கையொப்பமிடுவேன்."

"எப்ப வரைக்கும் இருப்பீங்க?"

"நாளை மாலை நான்கு மணிக் கப்பலில் செல்கிறேன்."

நாளை சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. எங்கள் தீவில் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொட்டால் கையே அழுகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோழிகூடக் கிளறத் தயங்கும். திங்கள் காலை ஆறு மணிக்கு இயந்திரம். ஆக, நாளை நான்கு மணிக்குள்! முப்பத்தேழு குழியில் கிடைக்காதது ஒரே நாளில் எப்படிக் கிடைக்கும்?

டோலினா மேட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். மிஸ் ஹெப்பர்ன் இரக்கத்தோடு கேட்டாள்: "அக்கல் நின்றதைக் கடைசியாகக் கண்டவர் எவர்?"

"என் அப்பாவோட அப்பா. அப்புறம் ஒரு பெரும்புயல்ல விழுந்துட்டாளாம். மேல புல்லும் கரிமண்ணும் மூடிடுச்சு."

"அவர் எங்கிருந்து கண்டார்?"

"படகுல இருந்து..."

சொல்லிக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தபடியே நிறுத்தினாள். மெதுவாகத் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். அப்புறம் மிஸ் ஹெப்பர்னின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"படகுல இருந்து! அடக் கடவுளே, படகுல இருந்து! அம்பது வயசு வரைக்கும் மண்ணையே பாத்துட்டு இருந்தேனே!"

எங்கள் ஊர் மீன்பார்கள், அதாவது கடலில் மீன் கூடும் இடங்கள், எல்லாவற்றுக்கும் இடம் காட்டும் கணியம் உண்டு. கடலில் நின்று கரையைப் பார்த்து, முன்னால் ஒரு குறியும் பின்னால் ஒரு குறியும் ஒரே நேரில் வந்தால் அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் அதேபோல் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் கடலடியில் பாறைத் திட்டு, அதில் மீன். கணியத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். கட்டிக்கொண்டவர்களுக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் மட்டும்தான். திருடனுக்குப் பூட்டுச் சாவியைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், கணியத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

டோலினாவின் தாத்தாவும் ரூரியின் தாத்தாவும் ஒரே படகில் போனவர்கள். அந்த ஒரு மீன்பாரின் கணியத்தை மட்டும் பாதி பாதியாக வைத்துக்கொண்டார்கள். ஒரு கோடு இவர்கள் வீட்டில், மற்றது அவர்கள் வீட்டில். ஒருவரை விட்டு ஒருவர் போக முடியாது. அதுதான் அவர்களுடைய நட்பு.

டோலினா வீட்டுக் கோடு ஐந்தாவது சகோதரியின் மேல் போகிறது. கல் விழுந்ததும் அந்தக் கோடு குருடானது. ஆனால் ரூரி வீட்டுக் கோடு அப்படியே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே போய் மீன்பாரைக் கண்டுபிடித்தால்? அங்கே நின்று கரையைப் பார்த்தால்? கல்லை வைத்து மீனைத் தேடியவர்கள் தாத்தாக்கள். மீனை வைத்துக் கல்லைத் தேடினால் என்ன?

ரூரி வீட்டு முற்றத்தில் ஓர் ஆட்டைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தான். கேட்டின் கீல் கிறீச்சிட்டது. நிமிர்ந்தான். தூணோடு திரும்பிப் போகிற கால்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் பூட்ஸ் இல்லை.

"உன் படகு ஓட்டையா?" என்றாள் டோலினா. இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இல்... இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு. தாத்தாங்களோட மீன்பாருக்கு."

அவன் பிடியை விட்டான். பாதி கத்தரித்த ஆடு ஒரு பக்கம் கம்பளியும் மறுபக்கம் அம்மணமுமாகத் துள்ளி ஓடியது. அது அப்படியே ஊரைச் சுற்றியதால்தான் செய்தி இரவுச் சாப்பாட்டுக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை காலை கரையில் திருவிழாக் கூட்டம். நம்பி வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீதி. ஆனால் எல்லோர் கையிலும் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும் இரும்போ கடப்பாரையோ இருந்தது. சிரித்துக்கொண்டேயாவது உதவிக்கு வருவது எங்கள் ஊர்ப் பழக்கம். மார்சலி தன் கட்டிலில் விரித்த வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்தாள். அதன் ஒரு முனையை மிஸ் ஹெப்பர்ன் பிடிக்க வேண்டும், மறுமுனையை மார்சலி. படகிலிருந்து டோலினா மிச்சத் துடுப்பொன்றில் மஞ்சள் மழைக்கோட்டைக் கட்டிக் காட்டுவாள். இடப்பக்கம் சாய்த்தால் இடம், வலப்பக்கம் சாய்த்தால் வலம், நேராகத் தூக்கினால் நில்.

தொலைநோக்கியைப் பிடித்து அதைப் பார்த்துச் சொல்ல யாராவது வேண்டும்.

"கொடுங்க இப்படி. நான் பாக்கறேன்" என்றார் லக்லன்.

"தாங்கள் எதிர்த்தரப்பு அல்லவா?" என்றாள் மிஸ் ஹெப்பர்ன்.

"சனிக்கிழமை எனக்கு லீவு மிஸ்."

படகு புறப்பட்டது. அதில் நடந்ததை டோலினா பின்னால் எனக்கு மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் அழுதாள்.

ரூரி துடுப்புப் போட்டான். டோலினா எதிரே உட்கார்ந்து ஈயக்குண்டு கட்டிய கயிற்றை மடியில் வைத்திருந்தாள். கடல்நாய்ப் பாறையைத் தாண்டியதும் அவன் வேகம் குறைந்தது. கரையைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கினான். துடைத்தான். மறுபடி பார்த்தான்.

"என்ன ரூரி? கோட்டைப் பிடி."

அவன் மறுபடி கண்ணைக் கசக்கினான்.

"ஓ, நான் பாத்துருவேன்னு பயமா? சரி, திரும்பிக்கறேன். உன் பாதி கணியத்த வச்சு நான் என்ன ராஜ்ஜியமா கட்டப் போறேன்?"

"அதில்ல, டோலினா." துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டுத் தலை குனிந்தான். "எனக்குத் தெரியல. கண்ணு போச்சு. நாலு வருஷமா கரைன்னா ஒரு பழுப்புக் கோடுதான். ஊர்ல யாருக்கும் சொல்லல. சொன்னா படகப் பிடுங்கிடுவாங்க."

இவ்வளவு தூரம் வந்து, இப்படியா! மணி ஒன்பதரை. தூரத்தில் வெள்ளை விரிப்பு ஒரு தபால்தலை அளவில் காத்துக்கொண்டிருந்தது. மலை உச்சியில் மூடுபனி இறங்க ஆரம்பித்தது.

"அப்ப எங்கிட்ட சொல்லு. நான் பாக்கறேன்" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். "கட்டினவகிட்டதான் சொல்லணும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"டேய், பனி எறங்குதுடா! சொல்லித் தொலை!"

அவன் சொன்னான். முதலில் முணுமுணுத்தான். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. அதனால் கத்திச் சொன்னான்: "கடல்நாய்ப் பாறையோட மூக்கு, பழைய தேவாலயத்து ஜன்னலத் தொடணும்! மறைக்கக் கூடாது! தொடணும்!"

"தொடுது! அப்படியே வெளிய போ! என்னோடதையும் கேட்டுக்கோ! அஞ்சாவது சகோதரி காத்துக் கணவாய்க்கு நட்டநடுவுல நிக்கணும்!"

அவ்வளவுதான். இரண்டு வீட்டில் நூறு வருடம் பூட்டிக் கிடந்தது ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் முகம் சிவந்தது. அவன் வெறி பிடித்தவன் போலத் துடுப்புப் போட்டான். அவள் கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்காமல் கையால் ஈயக்குண்டை இறக்கி ஆழம் எண்ணினாள்; விரித்த இரு கை நீளம் ஒரு பாகம்.

"நாப்பது பாகம்... நாப்பது... கொஞ்சம் இடது, இடதுங்கறேன்ல! முப்பத்தெட்டு... ஆமா, ஒண்ணு கேக்கணும். மாசம் நாலு விதைப் பட்டியல் வருதே உனக்கு, உருளைக்கிழங்கத் தவிர என்னத்த வெதச்ச நீ?"

"ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்கு வரவழைக்கற?"

"தபால் வந்தாத்தான நீ வருவ?"

கயிறு அவள் கையில் நின்றுவிட்டது. அவன் சொன்னதால் நின்றதா, குண்டு தட்டியதால் நின்றதா என்று அவளுக்கே புரியவில்லை. எண்ணிப் பார்த்தாள். பதினாறே பாகம், அடியில் பாறைத் திட்டு! அருகிலேயே விட்டிருந்த தூண்டில் கயிறு படபடவென்று துடித்தது. இழுத்தால், ஒரு கை நீளத்துக்கு ஒரு லிங் மீன், பழுப்பு நிறத்தில், வாயைப் பிளந்துகொண்டு!

"வந்துட்டோம்! நில்லு! இங்கயே நில்லு ரூரி, அசையாத!"

மலையைப் பார்த்தாள். மூடுபனி. விரிப்பை எதன் நடுவுக்கு நேராக நிறுத்த வேண்டுமோ அந்தக் கணவாயைக் காணோம்.

அவன் அலையோடு மல்லுக்கட்டிப் படகை நிறுத்தினான். கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. பாறையின் மூக்கு ஜன்னலை விட்டு விலகும்போதெல்லாம் அவள் கத்துவாள், அவன் இழுப்பான். அவன் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து துடுப்பில் ரத்தம் வழிந்தது. "அப்பா," என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள், "அப்பா, ஒரே ஒரு நிமிஷம்."

பனி கிழிந்தது. ஒரு துணியைக் கிழித்தாற்போலக் கிழிந்தது! காற்றுக் கணவாய், வெட்டியெடுத்த மாதிரி, நீல வானத்தில்!

டோலினா எழுந்து நின்று துடுப்பை வலப்பக்கம் சாய்த்தாள்.

கரையில் லக்லன் துள்ளினார். "வலது! வலதுங்கறா! போங்க, போங்க!"

மார்சலியும் மிஸ் ஹெப்பர்னும் விரிப்போடு நடந்தார்கள். நான்கு கற்களைத் தாண்டினார்கள். மேட்டில் ஏறினார்கள். டோலினாவின் முப்பத்தேழு குழிகளையும் தாண்டினார்கள்.

"இன்னும் வலதா? மேடு முடியுதே!" என்றாள் மார்சலி.

"இன்னும் வலது!"

"ஐயோ, இது ஆடு தண்ணி குடிக்கற சேறு! என் கல்யாண விரிப்பு இது!"

"விரிப்பு போகட்டும் அம்மையீர், நடந்து வாருங்கள்!" என்று மிஸ் ஹெப்பர்ன் முழங்கால் சேற்றில் இறங்கினாள். அதோடு புத்தக மொழியும் போய்விட்டது. "வாங்கக்கா, சீக்கிரம்!"

மஞ்சள் மழைக்கோட்டு நேராக உயர்ந்தது.

"நில்லு!"

அங்கே ஒரு கம்பு நட்டோம். கணவாய்ப் பக்கமாக இன்னும் ஐம்பது அடி ஏறி இன்னொரு முறை பிடித்தோம், இன்னொரு கம்பு. இரண்டுக்கும் இடையில் கயிறு கட்டினோம். இப்போது எங்கள் கையில் ஒரு கோடு இருந்தது. கோட்டில் எந்த இடம் என்பதுதான் தெரியாது. மணி பன்னிரண்டு.

மேட்டிலேயே தோண்டியது தப்பு என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாலு பேர் வரிசையாக நின்றால் ஐந்தாவதும் அதே வரிசையில் நிற்பாள் என்று ஃபின்லே நினைத்தார், டோலினாவும் நினைத்தாள். இவள் அக்காமாரை விட்டுத் தனியாக, மேட்டுக்கு அப்பால் போய், கடலைப் பார்த்து நின்றவள். ஊர்ப் பக்கம் மேடு மறைத்துவிடும்; மேட்டை ஒட்டி அவள் நிற்பது தெரிவது கடலிலிருந்து பார்த்த படகுக்காரனுக்கு மட்டும்தான்.

"எல்லாரும் வாங்க! கயித்து ஓரமா நில்லுங்க! கைக்கு ஒரு இரும்பு!" என்று லக்லன் கத்தினார்.

சிரிக்க வந்தவர்களும் ஓடிவந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர், பாதிரியார், அவருடைய மனைவி, கடைசியில் முடவாதம் பிடித்த சவப்பெட்டித் தச்சர்கூட. நாற்பது பேர் ஒரே கோட்டில். "குத்து!" என்றால் நாற்பது இரும்பும் மண்ணில் இறங்கும். "ஒண்ணுமில்ல!" "ஒண்ணுமில்ல!" என்று குரல் ஓடும். அரையடி நகர்ந்து மறுபடி. "குத்து!" என் கையில் ஒருமுறை 'டங்' என்றது. உயிரே போய்விட்டது. தோண்டினால் தலையளவு உருண்டைக்கல். மணி ஒன்று. ஒன்றரை. யாரும் சாப்பிடப் போகவில்லை.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லக்லன் கடப்பாரையை இறக்கினார். நின்றது. ஒரு பக்கம் நகர்த்திக் குத்தினார். நின்றது. இன்னும் ஒரு அடி தள்ளி. நின்றது. நான்கடி, ஆறடி, எட்டடி, பதினோரு அடி. ஒரே நேர்க்கோட்டில்.

"மிஸ்," என்றார், கடப்பாரையை விடாமல். "மிஸ், இங்க வாங்க. யாரோ படுத்திருக்காங்க."

வெளியே கடலில், டோலினாவால் எதையும் கேட்க முடியாது. கரையில் ஒரு கறுப்பு நூல் போல வரிசை தெரிந்தது, அவ்வளவுதான். திடீரென்று அந்த நூல் அறுந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தை நோக்கி ஓடின. வெல்லக்கட்டியை எறும்பு மொய்ப்பது போல மொய்த்தன.

அவள் கையிலிருந்த துடுப்பு நழுவியது.

"என்ன? என்ன ஆச்சு?" ரூரி பதறினான். "எனக்குத் தெரியலடி! சொல்லேன்! என்ன பண்றாங்க?"

"எல்லாரும்... எல்லாரும் ஒரே எடத்துக்கு ஓடுறாங்க, ரூரி. தொப்பியத் தூக்கிப் போடுறாங்க. அவ இருக்கா. எங்கப்பா... அவ இருக்கா!"

இந்த இடத்தில்தான் அவள் அழுவாள். அவனும் அழுதானாம். நடுக்கடலில், காலடியில் ஒரு லிங் மீன் துள்ளிக்கொண்டிருக்க, ஐம்பது வயதுக்காரியும் ஐம்பத்து மூன்று வயதுக்காரனும்.

அவர்கள் கரை சேர்ந்தபோது மணி மூன்று. நாங்கள் பாதிக்கு மேல் தோண்டிவிட்டிருந்தோம். கரிமண்ணுக்கடியில் சாம்பல் நிறத்தில், வெள்ளை நரம்போடு, காலை நீட்டிப் படுத்திருந்தாள் ஐந்தாவது சகோதரி. ஒரு கீறல் இல்லை. அடிப்பக்கம் நிற்பதற்காகத் தோண்டிய குழியும், அதைச் சுற்றி இறுக்கிய ஆப்புக்கற்களும் அப்படியே இருந்தன. மிஸ் ஹெப்பர்ன் சேற்றில் மண்டியிட்டு அவற்றைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் டோலினாவுக்கு வழிவிட்டது. அவள் குழியில் இறங்கிக் கன்னத்தைக் கல்லின் மேல் வைத்தாள். ரூரி தடுமாறிக்கொண்டே மேட்டின் மேல் ஏறினான். எல்லோருக்கும் கேட்கும்படி நின்றான்.

"அன்னிக்கு இதே எடத்துலதான் நான் வாயத் தொறந்தேன்" என்றான். "நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. ஃபின்லே பொய் சொல்லல. அஞ்சுதான். நான்தான் முட்டாள்." அப்புறம் குழியின் பக்கம் திரும்பினான். அவள் எங்கே நிற்கிறாள் என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் கேட்டான். "ஹோட்டல் வேலைக்குப் போனவளே திரும்பி வந்துட்டா, டோலினா. நீ எப்ப வரப்போற?"

"ஏண்டா, நாப்பது பேரு முன்னாலயா கேப்ப?" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அன்னைக்கும் இத்தனை பேரு முன்னாலதான கேவலப்படுத்தினேன்!"

மார்சலி மூக்கைச் சிந்தினாள், அந்தச் சேற்று விரிப்பிலேயே.

மிஸ் ஹெப்பர்ன் மடியில் படிவத்தை வைத்து எழுத ஆரம்பித்தாள். பழைய 'நான்கை' அடித்து 'ஐந்து' என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் 'தகவல் தந்தவர்' என்று இருந்தது. "உங்க பேர எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

டோலினா தலையசைத்து மறுத்தாள். "ஃபின்லேன்னு எழுதுங்க. போர்ஸ்காரி ஃபின்லே. வேற ஒண்ணும் சேர்க்காதீங்க."

மை காய்வதற்குள் படகுத்துறையிலிருந்து கப்பல் ஊதியது. மிஸ் ஹெப்பர்ன் படிவத்தை லக்லன் கையில் திணித்துவிட்டுப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லக்லன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இயந்திரத்தின் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "திங்கக்கிழமை அந்தப்பக்கத்து மேடு. யாராவது அங்கயும் படுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க."

மறுநாள் தேவாலயம் விட்டதும் ஊரே வீட்டுக்குப் போகாமல் ஐந்தாவது சகோதரியைப் பார்க்க நடந்தது. எல்லோரும் கையைப் பின்னால் கட்டியிருந்தோம், ஞாயிறாயிற்றே.

திங்கட்கிழமை ரூரிக்கு ஒரு விதைப் பட்டியல் வந்திருந்தது. டோலினா அதைத் தூணின் மேல் வைக்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அன்று போர்ஸ்காரியில் எல்லோருக்கும் தபால் இரண்டு மணி நேரம் தாமதம்.

"வண்டி அவன் வாசல்லயே நிக்குது, பாத்தியா? அரசாங்க வண்டிடி அது!" என்று கடை ஜன்னலிலிருந்து மார்சலி புலம்பினாள். புலம்பிக்கொண்டே, உள்ளே போய், கல்யாணத்துக்கு எத்தனை மூட்டை மாவு வேண்டியிருக்கும் என்று எண்ணத் தொடங்கினாள்.